தெரியாத பழமும் தெரியாத பூச்சியும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன் வாங்கி எப்படி முன்னேறினேன் என்று பேசச் சொன்னார்கள். அதை எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் பழத்தையும் பூச்சியையும் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. கடனும் அதுக்குள்ள வரும்.

நான் பிறந்தது சிதம்பரம் டவுன். வடக்கு வீதி பக்கம் ஒண்டுக் குடித்தன வீடு. கொல்லை கிடையாது, செம்பருத்திச் செடி ஒன்று தொட்டியில் இருந்தது, அவ்வளவுதான். கல்யாணம் ஆனதும் சென்னை அம்பத்தூருக்குப் போனோம். வீட்டுக்காரருக்கு கம்பெனியில் ஒப்பந்த வேலை. பதினொரு வருஷம் அங்கே. பிள்ளைகளுக்குப் பழம் என்றால் ஆப்பிள், வாழைப்பழம். பூச்சி என்றால் கரப்பான், கொசு. இரண்டுக்கும் கடையில் மருந்து விற்கும்.

2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. வேலை நின்றது. வாடகை கொடுக்க முடியாமல் மே மாதம் இ-பாஸ் வாங்கிக்கொண்டு பண்ருட்டிக்குக் கிழக்கே இருக்கிற என் மாமியார் ஊருக்கு வந்து இறங்கினோம். அந்த நேரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து திரும்பி வந்தவங்களால் நம்ம கடலூர் மாவட்டத்தில் நோய் பரவின சமயம். சென்னையிலிருந்து வந்தவங்க என்றாலே தெருவில் கதவைச் சாத்தினார்கள். வாசலில் அறிவிப்பு ஒட்டி, 14 நாள் வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யார் மேலேயும் எனக்குக் கோபம் இல்லை. அவங்களுக்கும் பயம். ஆனால் எங்களையே ஏதோ தெரியாத பூச்சியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாங்க. அது இன்னும் மனசுல இருக்கு.

வீட்டை விட்டுப் போகக்கூடாது. ஆனால் கொல்லைக்குப் போகலாம் இல்லையா? ஓட்டு வீடு, பின்னால் நாலு தென்னை, ஒரு பலா, ஒரு முருங்கை, அதுக்கும் பின்னால் ஒரு காணி முந்திரி. மகளுக்கு அப்போ 10 வயசு, மகனுக்கு 7. இரண்டு பேரும் கூண்டு திறந்த மாதிரி ஓடினார்கள். ஆயா, இது என்ன, அது என்ன என்று என் மாமியாரைக் குடைந்து எடுத்தார்கள். எனக்கும் பாதி தெரியாது. நான் பெரிய மனுஷி மாதிரி சும்மா இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் மகன் அலறிக்கொண்டு வந்தான். உதடெல்லாம் தடித்து, கன்னத்தில் கோடு கோடாகச் சிவந்து கிடந்தது. கையில் பாதி கடித்த முந்திரிக்கொட்டை. பாயசத்தில் போடுகிற முந்திரி மரத்தில் தொங்குகிறது என்று ஆயா சொன்னதைக் கேட்டு, ஓட்டோடு கடித்திருக்கிறான். பச்சைக் கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் தீக்காயம் மாதிரி வெந்துபோக வைக்கும் என்று இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாது. அவனைப் பெத்த எனக்கும் தெரியாது.

எந்த வண்டிக்காரரும் வரமாட்டார். நான் வாசலில் நின்று கத்தினேன். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. நம்ம குழுவின் ஊக்குநர் அக்கா. இன்றைக்கு நம்ம நடுவில் உட்கார்ந்திருக்கிறார், பேர் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே குரல் கொடுத்தார்: “சோப்பு போட்டு நல்லாக் கழுவு! கைய கண்ணுகிட்ட கொண்டுபோக விடாத! மூச்சு நல்லா வருதா பாரு!” கையோடு கிராம சுகாதாரச் செவிலியருக்கு போன் போட்டார். அந்தம்மா முகக்கவசம் போட்டுக்கொண்டு அரை மணி நேரத்தில் வந்து பார்த்தார். மூச்சு முட்டினாலோ கண்ணில் பட்டிருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி போகணும், இது தோலோடு நின்றிருக்கிறது என்று சொல்லி மருந்து கொடுத்தார். பத்து நாளில் கறுத்து உரிந்து ஆறியது.

ஆனால் அன்றைக்கு ராத்திரி நான் மாமியாரிடம் கன்னாபின்னா என்று பேசிவிட்டேன். “விஷத்தைக் கொல்லையில வச்சுக்கிட்டு சொல்லக்கூட இல்லியே அத்தை” என்று கேட்டேன். அவர் பதில் பேசவில்லை. விளக்குப் பக்கம் வந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். விரல் நுனி எல்லாம் கறுத்து, வழவழவென்று, ரேகையே இல்லை. “நாப்பது வருஷம் கொட்டை உடைச்ச கை கண்ணு இது. எனக்கு அது விஷம்னே மறந்துபோச்சு” என்றார்.

பின்னால் ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வந்தபோது அத்தை ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்பார். சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது. அப்போதெல்லாம் அந்த ராத்திரி எனக்கு நினைவு வரும்.

மறுநாளிலிருந்து அத்தை பாடம் எடுக்க ஆரம்பித்தார். பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, எனக்கும்தான். முந்திரியில் நாம் பழம் என்று சொல்கிற மஞ்சள், சிவப்புப் பகுதி உண்மையில் உப்பிப்போன காம்பு. அடியில் தொங்குகிற கொட்டைதான் நிஜமான காய். பழத்தைக் கடித்தால் தொண்டை கமறும். நறுக்கி உப்புத்தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிட்டால் கமறல் குறையும். கொட்டை உடைக்கும் முன் கையில் எண்ணெய் தடவணும். பலாப்பழம் அறுக்கும்போதும் அப்படித்தான், கைக்கும் கத்திக்கும் எண்ணெய். கொடுக்காப்புளி, இலந்தை, நாவல், களாக்காய், விளாம்பழம் எல்லாம் எந்த மாசம் வரும், எது வெறும் வயிற்றில் ஆகாது என்று வரிசையாகச் சொன்னார்.

மகள் இதையெல்லாம் பழைய ஹோம்வொர்க் நோட்டில் எழுத ஆரம்பித்தாள். இடது பக்கம் பழம், வலது பக்கம் பூச்சி. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், எங்கே பார்த்தது, தொடலாமா, தின்னலாமா, ஆயா என்ன சொன்னார்.

பள்ளிக்கூடம் இல்லாத அந்த மாதங்களில் செல்போனில் ஆன்லைன் வகுப்பு நடந்தது. அவள் டீச்சர் ஒன்று சொன்னார். முந்திரி நம்ம ஊர் மரமே இல்லை, பிரேசில் நாட்டிலிருந்து போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது என்று. பப்பாளி, கொய்யா, சீத்தாப்பழம், சப்போட்டா, அன்னாசி, நாம் தினமும் அரைக்கிற மிளகாய், வறுத்துத் தின்கிற மல்லாட்டை எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. பலா மட்டும் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருக்கிற பரங்கிப்பேட்டை பெயரிலேயே பறங்கிக்காரர் உட்கார்ந்திருக்கிறார். அத்தை இதைக் கேட்டுவிட்டு, “அப்போ நம்ம முந்திரியும் இ-பாஸ் வாங்கிட்டுத்தான் வந்துச்சா?” என்று கேட்டார். அன்றைக்குத்தான் நான் அந்த வீட்டில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தேன். வெளியிலிருந்து வந்தது எல்லாம் கெட்டது இல்லை, வந்து வேர் பிடித்தால் அதுவும் ஊர்தான் என்று தோன்றியது.

ஐப்பசி மழை வந்தது. பழப்பக்கம் நின்று, பூச்சிப்பக்கம் நிரம்ப ஆரம்பித்தது. சிவப்பு வெல்வெட் துணி மாதிரி தரையில் ஊர்கிற பட்டுப்பூச்சி. கும்பிடு பூச்சி. விளக்கைச் சுற்றி ஈசல். அத்தை ஈசலைப் பிடித்து, இறகு போக வறுத்து, பொரியோடு கலந்து கொடுத்தார். நான் தொடவில்லை. பிள்ளைகள் இரண்டு முறை கேட்டு வாங்கினார்கள்.

ஒருநாள் காலையில் மகள் கழுத்தில் நீளமாகச் சிவந்து, மறுநாள் கொப்புளம் கொப்புளமாக ஆனது. அக்கி என்று சொல்லி, காவி எழுதச் சொன்னார்கள். நான் நோட்டை எடுத்தேன். முந்தின ராத்திரி அவளே எழுதியிருந்தாள்: எறும்பு மாதிரி நீளம், செம்மஞ்சளும் கறுப்பும், டியூப்லைட் வெளிச்சத்துக்கு வந்தது, கழுத்தில் உட்கார்ந்தது, நசுக்கிவிட்டேன். செவிலியரம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். அவர் பார்த்ததும் சொன்னார்: இது அக்கி இல்லை. இந்தப் பூச்சி கடிக்காது, கொட்டாது. நசுக்கினால் அதன் உடம்பில் இருக்கிற நீர் தோலைப் பொசுக்கும். மேலே உட்கார்ந்தால் ஊதித் தள்ளுங்கள், நசுக்காதீங்க. பட்டுவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்க. ராத்திரி படுக்கைக்கு மேலே விளக்கு எரிய விடாதீங்க.

இதில் இன்னொரு விஷயம். இந்தப் பூச்சி நெல் வயலில் இருக்கிற ஆள். புகையான் மாதிரி பயிரை அழிக்கிற பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். வயலுக்கு நண்பன், நசுக்கினவருக்கு மட்டும் எதிரி. மகள் நோட்டில் எழுதினாள்: “நல்லவர். தொடக்கூடாது.”

இப்போது நான் செய்த தப்பைச் சொல்லணும்.

முருங்கை மரத்து அடியில் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அத்தை பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். முந்திரிக்கு அடிக்க யாரோ வாங்கி மீந்துபோன மருந்து பாட்டில் ஒன்று கொட்டகையில் இருந்தது. லேபிள் கிழிந்திருந்தது. அளவு தெரியாது. ஒரு மூடிக்கு இரண்டு மூடியாக ஊற்றி, அடிமரத்திலிருந்து எட்டின வரை கிளையெல்லாம் அடித்துவிட்டேன். பூச்சி செத்தது. பெரிய சாதனை செய்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை நான் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வீட்டு அக்கா கொல்லைப் பக்கமாகவே வந்து, எப்பவும் போல இரண்டு கிளை ஒடித்துக்கொண்டு போய்விட்டார். மாசமாக இருக்கிற மகளுக்குக் கீரை. எனக்குத் தெரியவே தெரியாது. அத்தை ஊரிலிருந்து திரும்பி வந்தவர், செத்த பூச்சியைப் பார்த்தார், ஒடிந்த கிளையைப் பார்த்தார், “என்ன அடிச்ச?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓடினார். அறுபத்தைந்து வயசு, மூட்டு வலிக்காரர், வேலியைத் தாண்டி ஓடினார். கீரை உருவி, அலசி, வாணலியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிஷம்.

அந்த ஐந்து நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன். அந்தக் குழந்தை இப்போது அங்கன்வாடிக்குப் போகிறது. அது என்னைச் சித்தி என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு வயிற்றில் ஒன்று புரளும்.

கம்பளிப்பூச்சி மரத்தடியில் கூட்டமாக ஒட்டியிருக்கும்போது, குச்சியில் ஈரச்சாக்கைச் சுற்றித் தள்ளி, சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டால் போதும், முடி மட்டும் மேலே படக்கூடாது என்று அத்தை பிறகு காட்டினார். அதற்கு மருந்தே வேண்டாம். கிழிந்த லேபிள் பாட்டிலை அன்றைக்கே பூட்டி வைத்தோம். பிறகு விவசாய ஆபீஸரைக் கேட்டு அவர் சொன்னபடி அப்புறப்படுத்தினோம்.

அடுத்த வருஷம் தென்னைக்கு வந்தது சோதனை. ஓலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள் வட்டம், மேலே கரி பூசின மாதிரி கறுப்பு. கடைக்காரர் ஒருவர் விலை கூடின மருந்து சொன்னார், நாலு மரத்துக்கும் ஆள் கூலியோடு 6,000 ரூபாய். நான் குழுவில் உள்கடன் கேட்டேன். தீர்மானம் எழுதப்போகிற நேரத்தில் ஊக்குநர் அக்கா பேனாவை வைத்துவிட்டு, “பூச்சி பேரு என்ன?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது. “பேரு தெரியாத பூச்சிக்குக் கடன் கிடையாது. தெரிஞ்சுக்கிட்டு வா, அடுத்த கூட்டத்துல தரோம்” என்றார். எனக்கு அழுகை வந்தது. இப்போது சொல்கிறேன், அன்றைக்குக் கடன் தராததுதான் இந்தக் குழு எனக்குச் செய்த பெரிய உதவி.

ஓலையை வெட்டி, பையில் கட்டி, வேளாண்மைத் துறை அலுவலரிடம் கொண்டு போனோம். அவர் சொன்னார்: இது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்கா பக்கத்துப் பூச்சி. நம்ம நாட்டில் 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் கண்டுபிடித்தார்கள். இதற்கு விஷ மருந்து அடிக்காதீங்க. என்கார்சியா என்று கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் குளவி ஒன்று இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைத்து அழிக்கும். மருந்து அடித்தால் அந்தக் குளவிதான் முதலில் சாகும். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டுங்க, ஈ வந்து ஒட்டும். ஓலைக்கு அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்க. கறுப்புப் பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கரைத்து, கஞ்சியாக்கித் தெளியுங்க, காய்ந்து உரிந்து விழும்.

மொத்தச் செலவு 400 ரூபாய்க்குள். ஒரே மாசத்தில் சரியாகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். காய்ப்பு குறைந்துதான் போனது. ஆனால் மரம் தேறியது. கோழியும் கிணறும் பிள்ளைகளும் நல்லா இருக்காங்க.

அவரே இன்னொன்றும் சொன்னார். 2008-இல் கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மரவள்ளி, பட்டுப்புழுவுக்கு வளர்க்கிற மல்பெரி எல்லாம் வெள்ளை பூத்துப் போனது. எந்த மருந்தும் கேட்கவில்லை. அதுவும் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த பூச்சி. 2010-இல் பியூர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைச் சின்னக் குளவிகளைக் கொண்டுவந்து, சோதித்து, வளர்த்து, தோட்டங்களில் விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கொடுமை அடங்கியது. வந்த விருந்தாளி தொந்தரவு செய்தால் அவன் ஊர்க்காரனையே கூப்பிட்டுப் புத்தி சொல்ல வைக்கிற மாதிரி.

முந்திரியிலும் அப்படித்தான். இலையைத் தைத்துக் கூடு கட்டுகிற முசுறு கடிக்கிறது என்று பிள்ளைகள் கூட்டைக் கலைக்கப் போனார்கள். அத்தை விடவில்லை. பூவையும் பிஞ்சையும் கருகவைக்கிற தேயிலைக் கொசுவை விரட்டுகிற காவல்காரன் அதுதான் என்றார். அந்த மரங்களைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிடும். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது உங்களுக்கு நான் சொல்லி ஆகவேண்டியதில்லை. இந்த அரங்கில் ஒரு முந்திரி மரமாவது இழக்காத வீடு குறைவு. அத்தை வீட்டில் ஒரே ராத்திரியில் காணி முழுக்கச் சாய்ந்தது. மாமனார் அந்த வருத்தத்திலேயே படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பிறகு அத்தை குழுக் கடன் வாங்கி, ஒட்டுக்கன்று நட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்த மரங்கள் இவை. அந்த மரத்துக் கொட்டையைத்தான் என் மகன் கடித்தான். அதைத்தான் நான் விஷம் என்று சொன்னேன்.

போன வருஷம் பிள்ளைகளைப் பிச்சாவரம் கூட்டிப் போனேன். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த தில்லை மரத்தை அங்கேதான் பார்த்தேன். அதன் பால் தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அந்த மரத்தின் பெயரைத் தாங்கின ஊரில் பிறந்து வளர்ந்தும், நாற்பது வயசு நெருங்கித்தான் அந்த மரத்தைப் பார்க்கிறேன். மகன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று கேட்டான்: “அம்மா, இது எந்தப் பக்கம் எழுதணும்?” தொடுறதுக்கு முன்னால் கேட்கிற பழக்கம் வந்துவிட்டது. அது போதும் எனக்கு.

எங்க குழுவில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. சேமிப்பு வரவு வைத்து, கடன் பேசி முடித்த பிறகு ஐந்து நிமிஷம் பூச்சி நோட்டு. யார் என்ன புதுசாகப் பார்த்தாங்க, என்ன செய்தாங்க. இரண்டு பேருக்குத் தெரியாத விஷயம் மூன்றாவது ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒருவருக்கும் தெரியாவிட்டால் ஓலையையோ காயையோ பையில் கட்டிக்கொண்டு ஆபீஸரிடம் போகிறோம்.

கூட்டமைப்பிடம் மூன்று கேட்கிறேன். ஒன்று, எல்லாக் குழுவிலும் இந்த நோட்டு வைக்கணும். இரண்டு, பூச்சிமருந்துக்குக் கடன் கேட்டால் பூச்சியின் பேரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதின பிறகுதான் கொடுக்கணும். மூன்று, கொட்டை உடைக்கிற நம்ம பெண்களின் கையைப் பற்றிப் பேசணும். கையுறை போட்டால் வேகம் குறையும், கிலோவுக்குத்தான் கூலி என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் ஒருத்தி தனியாகக் கேட்க முடியாது, எல்லாரும் சேர்ந்து கேட்கணும் என்கிறேன். நம்ம பிள்ளைகளின் விரலிலாவது ரேகை இருக்கட்டும்.

என் மாமியார் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு ராத்திரி பேசினதுக்கு நான் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். மன்னிச்சுக்குங்க அத்தை.